மஞ்சள் ஏலமும் மென்பொருள் வரைபடமும்

பெருந்துறை ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு உழவர் ஒருவர் மஞ்சள் கொண்டு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். விரலி மஞ்சள் ஒரு குவியல். கிழங்கு மஞ்சள் மற்றொரு குவியல். வணிகர்கள் இரண்டையும் தனித்தனியே பார்த்து விலை கூறுவர். இந்த ஏலக் கணக்கைக் கணிப்பொறியில் ஏற்ற மென்பொருள் ஒன்று வேண்டும். அதனை எழுதப் புகும் மாணவர் முதலிற் செய்யத்தக்கது யாது?

பலர் உடனே நிரல் எழுத அமர்ந்துவிடுவர். 'உழவர்' என ஓர் ஏடு அமைத்து, பெயர், ஊர், எடை, விலை என்று கட்டங்கள் இடுவர். விரலியின் விலை பதிவாகும். அடுத்துக் கிழங்கின் விலை அதே கட்டத்தில் வந்து விழும்; முன்னது அழிந்துபோகும். பெரும்பாலும் கூடுதல் விலை பெறுவது விரலியே. ஆகவே இழப்பு உழவருடையது. விலை எதற்கு உரியது என்று எவரும் கேளாமையால் வந்த பிழை இது.

அக்கேள்வியைக் கேட்கச் செய்வதே மாதிரி வரைபடம். ஒரு தாளில் உழவர், குவியல், வணிகர் என மூன்று பெட்டிகள் வரைக. உழவரையும் குவியலையும் ஒரு கோட்டால் இணைத்து, ஒரு முனையில் 'ஒன்று' என்றும் மறுமுனையில் 'பல' என்றும் எழுதுக. விலை குவியலைச் சார்ந்தது என்பது அப்போதே புலனாகும். இப்படத்தை விற்பனைக் கூடத்து எழுத்தரிடம் காட்டினால், "விலை பிடிக்காவிட்டால் உழவர் விற்க மறுக்கலாமே, அது எங்கே?" என்பார். ஆம், விற்பனைக்கும் தனிப் பெட்டி வேண்டும். ஒரு குவியலுக்கு விற்பனை நிகழலாம், நிகழாமலும் போகலாம். நிரலைக் காட்டியிருந்தால் அவர் வாய் திறந்திருக்க மாட்டார்.

பொருள்களையும் அவற்றின் உறவுகளையும் இவ்வாறு வரைந்து காட்டும் முறையைப் பீட்டர் சென் 1976ஆம் ஆண்டில் வெளியிட்டார். பின்னர்ப் பல குறியீட்டு முறைகள் பெருகிக் குழப்பம் விளையவே, பூச், ரம்பா, ஜேக்கப்சன் ஆகிய மூவரும் தத்தம் முறைகளை ஒன்றாக்கினர். அதுவே 1997இல் பொது நெறியாக ஏற்கப்பட்ட யூ.எம்.எல். இன்று அதில் 14 வகைப் படங்கள் உள்ளன. அத்தனையும் வரைவது பரீட்சைக்கு உதவலாம். பணிக்கு இரண்டு மூன்றே பெரும்பாலும் போதும். பெட்டிகளுக்கு அத்தொழிலார் வழங்கும் சொற்களையே பெயராக இடுதல் வேண்டும் என்று 2003இல் எரிக் எவன்ஸ் தம் நூலில் வற்புறுத்தினார். நம் படத்திலும் விரலி விரலியாகவே இருக்கட்டும்.

1984இல் தோன்றிய கொங்கு பொறியியற் கல்லூரியும் பெருந்துறையிலேயே உள்ளது. அங்குப் பயில்வோர்க்கு ஏலம் எட்டாத காட்சியன்று. அவர்கள் ஆராய ஒன்று சொல்வேன். விலை போகாத குவியலை உழவர் அடுத்த வாரம் மீண்டும் கொண்டு வந்தால், அது பழைய குவியலா, புதிய குவியலா? கோட்டை இடுமுன் எழுத்தரைக் கேட்டுப் பாருங்கள்.