ஓட்டானியை விற்பதா, வைத்துக்கொள்வதா? ஏஞ்சல்ஸ் அணியைத் திணறவைத்த ஒரு ஜூலை மாதம்!

2023 ஜூலை 27. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரம். முந்தைய நாள் ஆட்டம் மழையால் நடக்காமல் போனதால், அன்று ஒரே நாளில் இரண்டு பேஸ்பால் ஆட்டங்கள்.

முதல் ஆட்டத்தில் லாஸ் ஏஞ்சலிஸ் ஏஞ்சல்ஸ் அணிக்காகப் பந்துவீச வந்தார், ஜப்பானைச் சேர்ந்த ஷோஹெய் ஓட்டானி. பேஸ்பாலில் பந்து வீசுபவரை பிட்சர் என்பார்கள். ஒன்பது இன்னிங்ஸ் கொண்ட ஆட்டத்தில் பாதியிலேயே களைத்துப்போய் அடுத்தவரிடம் பந்தைக் கொடுப்பதுதான் இப்போதெல்லாம் வழக்கம். ஓட்டானி கடைசி வரை வீசினார். மொத்தம் 111 பந்துகள். எதிரணிக்குக் கிடைத்தது ஒரே ஒரு ஹிட். 6-0 என்று ஏஞ்சல்ஸ் ஜெயித்தது.

வேறு யாராக இருந்தாலும் தோளில் ஐஸ் கட்டியை வைத்துக்கொண்டு ஓய்வறையில் சாய்ந்திருப்பார்கள். ஓட்டானி கொஞ்ச நேரத்தில் மட்டையோடு இரண்டாவது ஆட்டத்துக்கு வந்து இரண்டு ஹோம் ரன் அடித்தார். அதிலும் வெற்றி, 11-4.

இதற்கு முதல் நாள் இரவுதான் ஒரு செய்தி வெளியாகியிருந்தது. 'ஓட்டானியை நாங்கள் யாருக்கும் கொடுக்கப்போவதில்லை. மாறாக, அவரோடு சேர்ந்து ஆட நல்ல வீரர்களை வாங்கப்போகிறோம்' என்று ஏஞ்சல்ஸ் நிர்வாகம் முடிவெடுத்திருந்தது. அந்த முடிவு சரிதான் என்று ஊருக்கே சொல்வதுபோல இருந்தது டெட்ராய்ட் ஆட்டம். ரசிகர்கள் கொண்டாடித் தீர்த்தார்கள்.

அடுத்த ஐந்தே வாரங்களில் கதை தலைகீழாக மாறியது.

ஆகஸ்ட் 1-க்குள் முடிவு சொல்லணும்!

நம்மூர் ஐ.பி.எல்-லில் வீரர்களை மாற்றிக்கொள்வது பெரும்பாலும் சீசன் முடிந்த பிறகுதான். ஜடேஜாவைக் கொடுத்து சஞ்சு சாம்சனை சி.எஸ்.கே வாங்கியதுகூட நவம்பர் மாதத்தில்தான். அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் அப்படி இல்லை. ஒரு சீசனில் ஓர் அணிக்கு 162 ஆட்டங்கள். மூன்றில் இரண்டு பங்கு முடிந்த நிலையில், ஜூலை கடைசியிலோ ஆகஸ்ட் தொடக்கத்திலோ ஒரு கெடு வரும். அதுவரை அணிகள் தங்களுக்குள் வீரர்களைப் பண்டமாற்றுபோல மாற்றிக்கொள்ளலாம். 2023-ல் அந்தக் கெடு, ஆகஸ்ட் 1.

பெரும்பாலான வீரர்களிடம் சம்மதம்கூடக் கேட்க வேண்டியதில்லை. மேஜர் லீக்கில் பத்து வருடம் ஆடி, அதில் கடைசி ஐந்து வருடம் ஒரே அணியில் இருந்தவர்களும், ஒப்பந்தத்திலேயே 'என்னை மாற்றக் கூடாது' என்று எழுதி வாங்கியவர்களும் மட்டுமே மறுக்க முடியும். மற்றவர்களுக்கு ஒரு போன் வரும். பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

முன்னணியில் இருக்கும் அணிக்கு இதில் குழப்பமில்லை, வாங்கும். அடிமட்டத்தில் கிடக்கும் அணிக்கும் குழப்பமில்லை. பெரிய வீரர்களைக் கொடுத்துவிட்டு இளம் வீரர்களை வாங்கி, சில வருடங்கள் கழித்து வருவதற்குத் தயாராகும். நடுவில் மாட்டிக்கொண்ட அணிகளின் பாடுதான் திண்டாட்டம். 2023 ஏஞ்சல்ஸ் அப்படித்தான் மாட்டிக்கொண்டு நின்றது.

சீசனின் நடு இடைவேளையில் அவர்கள் கணக்கு 45 வெற்றி, 46 தோல்வி. ஜூலை 3-ம் தேதி இன்னொரு சூப்பர் ஸ்டாரான மைக் ட்ரவுட்டுக்கு இடது கையில் எலும்பு முறிவு. 24.5 கோடி டாலர் ஒப்பந்தத்தில் வந்த ஆன்டனி ரெண்டனோ, 2021-லிருந்து எந்த சீசனிலும் 60 ஆட்டங்களைக்கூடத் தொடவில்லை. இவர்களை வைத்துக்கொண்டும் 2014-க்குப் பிறகு ஒருமுறைகூட ப்ளே-ஆஃப் பார்க்காத அணி இது. அந்த ஒருமுறையும் மூன்று ஆட்டங்களிலும் தோற்றுத்தான் திரும்பினார்கள்.

ஓட்டானியின் ஒப்பந்தமோ அந்த சீசனோடு முடிகிறது. அதன்பின் அவர் எங்கு வேண்டுமானாலும் போகலாம். ஏஞ்சல்ஸுக்கு ஒரு சல்லிக்காசு வராது. 'ஜெயிக்கிற அணியில் இருக்க வேண்டும்' என்கிற ஆசையை 2021-லேயே அவர் வெளிப்படையாகச் சொல்லியும்விட்டார்.

வித்திடுங்க... வேண்டவே வேண்டாம்!

'போகிற ஆளை இப்போதே கொடுத்துவிட்டு நாலு நல்ல இளம் வீரர்களையாவது வாங்குங்கள்' என்றது ஒரு தரப்பு. அவர்கள் காட்டிய உதாரணம், வாஷிங்டன் நேஷனல்ஸ். 15 வருடத்துக்கு 44 கோடி டாலர் தருகிறோம் என்றும் ஜுவான் சோட்டோ மறுத்துவிட்டதால், 2022 ஆகஸ்ட்டில் அவரை சான் டியேகோவுக்குக் கொடுத்துவிட்டது அந்த அணி. பதிலுக்கு வந்தவர்களில் சி.ஜே.ஏப்ரம்ஸ், மெக்கென்ஸி கோர், ஜேம்ஸ் வுட் மூவருமே பின்னாளில் ஆல்-ஸ்டார் ஆனார்கள்.

'அந்த நேஷனல்ஸ் இன்னும் தோற்றுக்கொண்டுதானே இருக்கிறது?' என்று எதிர்த்தரப்பு கேட்டால், அதுவும் உண்மைதான். 2023-ல் 91 தோல்வி, 2024-லும் 91 தோல்வி, 2025-ல் 96.

'வைத்துக்கொண்டு மோதிப் பார்க்கலாம்' என்றவர்களுக்கும் ஓர் உதாரணம் கைவசம் இருந்தது. 2021 அட்லான்டா பிரேவ்ஸ். அந்த வருடம் ஜூலையில் அவர்களின் நட்சத்திரம் ரொனால்ட் அக்கூனாவுக்கு முழங்கால் ஜவ்வு கிழிந்து சீசனே முடிந்தது. அணியின் தோல்விகள் வெற்றிகளைவிட அதிகம். மூட்டையைக் கட்டியிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் பொது மேலாளர் அலெக்ஸ் அந்தோபுலோஸ் ஜாக் பீடர்சன், ஆடம் டுவால், ஹோர்கே சோலேர், எடி ரொசாரியோ என்று நாலு பேரை வரிசையாக வாங்கினார். ஆகஸ்ட் 6-ம் தேதிதான் அந்த சீசனில் முதன்முறையாக வெற்றிக் கணக்கு தோல்விக் கணக்கைத் தாண்டியது. நவம்பரில் கோப்பையே அவர்கள் கையில்! இறுதிச் சுற்றின் சிறந்த வீரர் சோலேர். அதற்கு முந்தைய சுற்றில் ரொசாரியோ.

ஒரு விஷயத்தை இங்கே கவனிக்க வேண்டும். இந்த நால்வருக்காக அட்லான்டா கொடுத்த விலை ரொம்பக் குறைவு. ரொசாரியோ அப்போது காயத்தில் இருந்தவர். அவருக்குப் பதிலாகப் போனவர், ஆட்டக்காலத்தின் கடைசிக் கட்டத்தில் இருந்த பாப்லோ சாண்டோவல். அட்லான்டாவின் வருங்காலம் பத்திரமாக அப்படியே இருந்தது. உதாரணம் காட்டியவர்கள் கோப்பையைத்தான் பார்த்தார்கள், பில்லைப் பார்க்கவில்லை.

பதினைந்து நாளில் கவிழ்ந்த கப்பல்

ஏஞ்சல்ஸ் முதலில் வாங்கியது லூக்கஸ் ஜியோலிட்டோ, ரெய்னால்டோ லோபெஸ் என்ற இரு பிட்சர்களை. இருவருமே சிகாகோ வொயிட் சாக்ஸ் அணிக்காரர்கள். பதிலுக்குக் கொடுத்தது எட்கர் கெரோ, கை புஷ் என்ற இரண்டு இளைஞர்களை. கியூபாவில் பிறந்த கெரோவுக்கு அப்போது வயது 20, ஏஞ்சல்ஸின் இளம் வீரர்களில் முதல் வரிசையில் இருந்தவர். அலபாமாவில் 'ட்ராஷ் பாண்டாஸ்' என்ற, பெயரைக் கேட்டாலே சிரிப்பு வரும் அணியில் பயிற்சிபெற்றுக்கொண்டிருந்தார். ஜியோலிட்டோவின் ஒப்பந்தமும் சீசனோடு முடிகிறது. அதாவது, இரண்டு மாதத்துக்கு ஒருவரை வாடகைக்கு எடுக்க, வருடக்கணக்கில் ஆடக்கூடியவரைக் கொடுத்தார்கள்.

அடுத்து கொலராடோவிலிருந்து ரேண்டல் கிரிச்சுக், சி.ஜே.க்ரான் வந்தார்கள். கெடு நாளில் டொமினிக் லியோன். அப்போது ஏஞ்சல்ஸ் கணக்கு 56 வெற்றி, 51 தோல்வி. ப்ளே-ஆஃப் எட்டிப் பிடிக்கும் தூரத்தில்தான் இருந்தது.

ஆகஸ்ட் 1-ம் தேதியிலிருந்து வரிசையாக ஏழு ஆட்டங்கள் தோல்வி!

அதில் மூன்றாவது தோல்விதான் ரசிகர்களின் நெஞ்சில் ஆணி அடித்தது. ஆகஸ்ட் 3, சியாட்டிலுக்கு எதிரான ஆட்டம், சொந்த மைதானம். விரல் பிடித்துக்கொள்ளும் வரை நான்கு இன்னிங்ஸ் ரன் கொடுக்காமல் வீசினார் ஓட்டானி. பிறகு தனது 40-வது ஹோம் ரன்னையும் அடித்தார். ஒன்பதாவது இன்னிங்ஸில், முழு நம்பிக்கையோடு இறக்கப்பட்ட கார்லோஸ் எஸ்டெவெஸின் பந்தை, சியாட்டிலின் புதுமுகம் கேட் மார்லோ மைதானத்துக்கு வெளியே அனுப்பினார். மூன்று பேஸ்களிலும் ஆள். ஒரே அடியில் நாலு ரன். ஆட்டம் 5-3 என்று கையைவிட்டுப் போனது.

ஜியோலிட்டோ லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் வளர்ந்தவர். சொந்த ஊருக்குத் திரும்பிய பிள்ளை கைகொடுப்பான் என்று பார்த்தால், ஆறு ஆட்டங்களில் ஒன்றே ஒன்று வெற்றி, ஐந்து தோல்வி. ஆகஸ்ட் 22-ல் ட்ரவுட் திரும்பி வந்தார். ஒரே ஆட்டம்தான், கை வலியில் மறுபடியும் வெளியே. அடுத்த நாள் ஓட்டானியின் முழங்கை ஜவ்வு கிழிந்தது. 'இனி இந்த சீசனில் பந்து வீசக் கூடாது' என்றார்கள். அன்றும் இரண்டு ஆட்டங்கள். முதல் ஆட்டத்தில் வலியோடு வெளியேறியவர், இரண்டாவது ஆட்டத்தில் மட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். மனுஷன்!

ஆகஸ்ட் 29-ம் தேதிதான் உச்சக்கட்டம். ஜியோலிட்டோ, லோபெஸ், கிரிச்சுக், லியோன் ஆகிய புதுவரவுகளோடு மேட் மூர், ஹன்டர் ரென்ஃப்ரோவையும் சேர்த்து ஆறு பேரை, 'யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்' என்று பட்டியலில் விட்டது நிர்வாகம். எடுக்கும் அணி மீதிச் சம்பளத்தைக் கொடுத்தால் போதும், வேறெதுவும் தர வேண்டாம். ஜியோலிட்டோ, லோபெஸ், மூர் மூவரையும் கிளீவ்லேண்ட் தூக்கிக்கொண்டது. ரென்ஃப்ரோ சின்சினாட்டிக்கு, லியோன் சியாட்டிலுக்கு. கிரிச்சுக்கை மட்டும் யாரும் எடுக்கவில்லை, வேண்டாம் என்று சொன்ன அணியிலேயே அவர் தொடர்ந்து ஆட வேண்டியிருந்தது. ஐந்து வாரத்துக்குமுன் கெரோவைக் கொடுத்து வாங்கியவர்களை இப்போது சும்மா தூக்கிக் கொடுத்தார்கள்!

ஏன்? சம்பளச் செலவு 23.3 கோடி டாலரைத் தாண்டினால் அந்த வருடம் அணி அபராத வரி கட்ட வேண்டும். அதைவிட முக்கியமான ஒன்றும் இருந்தது. வரி வரம்புக்குள் இருந்தால், ஓட்டானி வெளியேறும்போது இழப்பீடாக, புதிய இளைஞர்களைத் தேர்வு செய்யும் டிராஃப்டில் இரண்டாவது சுற்று முடிந்ததும் ஓர் இடம் கிடைக்கும். வரம்பைத் தாண்டினால் நான்காவது சுற்றுக்குப் பிறகுதான். அதாவது, 'அவர் போய்விடுவார்' என்று நிர்வாகமே கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது.

ஆகஸ்ட் மாதக் கணக்கு 8 வெற்றி, 19 தோல்வி. சீசன் முடிவில் 73-89.

தப்பு நடந்தது எந்த வருஷம்?

பொது மேலாளர் பெரி மினாசியனை அன்று திட்டாதவர் இல்லை. ஆனால் அந்த ஜூலையில் நின்று பார்த்தால் முடிவு அவ்வளவு முட்டாள்தனமாகத் தெரியாது. 56-51 என்று நிற்கும் அணி, இப்படியொரு ஆட்டக்காரரை பாதி சீசனில் அனுப்பினால், டிக்கெட் வாங்கியவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது? தவிர, இரண்டு மாதமே மிச்சமிருக்கும் ஒப்பந்தத்துக்கு யாரும் அள்ளிக் கொடுக்கப்போவதும் இல்லை. சோட்டோவுக்கு அவ்வளவு கிடைத்தது, அவரை வாங்கிய அணி இரண்டரை சீசன் வைத்துக்கொள்ளலாம் என்பதால்தான்.

உண்மையில் கோட்டைவிட்டது அதற்கு முந்தைய வருடம். 2022-ல் ஏஞ்சல்ஸ் வரிசையாக 14 ஆட்டங்களில் தோற்று, பயிற்சியாளர் ஜோ மேடனையும் நீக்கியிருந்தது. அந்த ஆகஸ்ட்டில் ப்ளே-ஆஃப் நம்பிக்கை யாருக்குமே இல்லை. ஓட்டானியின் ஒப்பந்தத்திலோ இன்னும் ஒரு முழு சீசன் பாக்கி. சோட்டோ கைமாறிய அதே வாரம்! நல்ல விலை கிடைத்திருக்க வேண்டிய நேரம் அது. கொடுக்கவில்லை. அதே மாதக் கடைசியில், அணியையே விற்கலாமா என்று யோசிப்பதாக உரிமையாளர் ஆர்டே மொரேனோ அறிவித்தார். 2023 ஜனவரியில் அதையும் வேண்டாம் என்று விட்டுவிட்டார். 2022 சீசன் எப்படி முடிந்தது தெரியுமா? அதுவும் 73-89. ஒரு ரன்-அவுட் குழப்பம்போல ஓடவும் இல்லாமல், நிற்கவும் இல்லாமல் இரண்டு வருடம்.

2023 டிசம்பரில் ஓட்டானி 10 வருடத்துக்கு 70 கோடி டாலர் ஒப்பந்தத்தில் டாட்ஜர்ஸுக்குப் போனார். கார் ஏறினால் அதே லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம்தான். 2024, 2025 இரண்டு வருடமும் கோப்பை அவருக்கு. ஏஞ்சல்ஸ் 2024-ல் 99 ஆட்டங்களில் தோற்றது. அந்த அணியின் வரலாற்றிலேயே அதுதான் அதிகம். எட்கர் கெரோ 2025 ஏப்ரலில் வொயிட் சாக்ஸுக்காக மேஜர் லீக்கில் அறிமுகமானார். 2019-ல் 42.65 கோடி டாலருக்கு 12 வருட ஒப்பந்தம் போட்ட மைக் ட்ரவுட், இன்னும் ஏஞ்சல்ஸில்தான் இருக்கிறார். 2025-ல் 400 ஹோம் ரன்களைத் தொட்டுவிட்டார். ப்ளே-ஆஃபில் ஒரு வெற்றி மட்டும் இன்னும் இல்லை.

ஐந்து பேரைச் சும்மா கொடுத்துக் காப்பாற்றிய அந்த டிராஃப்ட் இடம் என்ன ஆனது? 2024-ன் 74-வது தேர்வு. அதில் ரையன் ஜான்சன் என்ற கல்லூரி பிட்சரை எடுத்தார்கள். 2025 மார்ச்சில், மைனர் லீக்கில் ஒரு பந்துகூட வீசாமல் நேராக ஏஞ்சல்ஸ் சீருடையில் வந்து நின்றார் அவர். ஓட்டானிக்குப் பதிலாக ஏஞ்சல்ஸுக்குக் கிடைத்தவர், அவர் ஒருவர்தான்.