சீனி வியாதிக்காரருக்குக் காப்புறுதி கிடைக்குமா?

“சீனி இருக்குன்னு சொன்னா இன்சூரன்ஸ் குடுக்க மாட்டாங்களாமே?” லயத்துப் பக்கம் போகும்போதெல்லாம் எங்களிடம் கேட்கும் கேள்வி இது. அடியோடு கிடைக்காது என்பது சரியல்ல.

ஆஸ்பத்திரிச் செலவுக்கான காப்புறுதி எடுக்கும்போது முதலில் ஒரு விண்ணப்பப் படிவம் தருவார்கள். என்ன வருத்தம், என்ன மருந்து என்று அதில் கேள்வி இருக்கும். சீனி என்று எழுதினால் கம்பனி இரத்தச் சோதனை கேட்கும். எச்.பி.ஏ.1.சி. என்ற சோதனை கடந்த இரண்டு மூன்று மாதச் சீனியின் சராசரியைக் காட்டிவிடும். முதல் நாள் மட்டும் வெறுந்தேத்தண்ணி குடித்து அதை ஏமாற்ற முடியாது!

அதைப் பார்த்து, கம்பனி கட்டுப்பணத்தைக் கூட்டலாம், சில காலம் பொறுக்கச் சொல்லலாம், மறுக்கவும் செய்யலாம். அல்லது “சீனியால் வரும் செலவு தரமாட்டோம்” என்று விலக்கிவிட்டு மற்றதுக்கு மட்டும் தரலாம். இந்த விலக்கைத்தான் கவனிக்க வேண்டும். கால் புண், கிட்னி, கண் எல்லாம் அதற்குள் அடங்கிவிடலாம். அப்படியானால் மிச்சம் என்ன? குளவி கொட்டியோ, மலையில் சறுக்கி விழுந்தோ வார்டில் படுத்தால் பணம் உண்டா? கேட்டு, எழுத்தில் வாங்குங்கள்.

“அக்கா, சீனியைப் போட வேணாம், கையெழுத்தை மட்டும் வைங்க” என்று எந்த முகவர் சொன்னாலும் வைக்காதீர்கள். நாளைக்குப் பணம் கேட்கும்போது கம்பனி உங்கள் கிளினிக் கொப்பியைக் கேட்கும். அதில் திகதியோடு மருந்து எழுதியிருக்கும். மறைத்ததைக் காட்டி ஒரு சதமும் தராமல் விடலாம். கையெழுத்து உங்களுடையது, முகவருடையது அல்ல. படிவம் இங்கிலீஷில் இருந்தால் படித்த பிள்ளையை வைத்து வாசித்துக் கேளுங்கள்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் கிளினிக்கும் வார்டும் இலவசம் என்பதையும் கணக்கில் எடுங்கள். செக்ரோலில் பெயர் உள்ளவர்களுக்கு ஈ.டி.எப். வேறு இருக்கிறது. 1980ஆம் ஆண்டுச் சட்டப்படி நிர்வாகமே 3 வீதம் கட்டுகிறது. உங்கள் சம்பளத்தில் பிடிப்பதில்லை. கண்வில்லை, இருதய ஒப்பரேசன், கிட்னி மாற்று ஆகியவற்றுக்கு அந்த நிதியில் உதவி உண்டு. சீனி முற்றினால் வரும் பெரிய செலவுகளும் இவைதானே! நிபந்தனைகளைத் தோட்ட ஆபீசில் விசாரியுங்கள்.

உண்மையைச் சொல்லி எடுத்தும் பணம் தர மறுத்தால், முதலில் கம்பனிக்கே எழுத்தில் முறையிடுங்கள். சரிவராவிட்டால் கொழும்பிலுள்ள காப்புறுதி ஒம்புட்ஸ்மனுக்கு எழுதலாம். கட்டுப்பண ரசீதையும் கிளினிக் கொப்பியையும் பத்திரமாக வைத்திருங்கள், இரண்டையும் கேட்பார்கள்.