டியோடரண்ட் பெயரில் ஒரு புரட்சிப் பாட்டா? 'ஸ்மெல்ஸ் லைக் டீன் ஸ்பிரிட்' கதை

கறுப்பு டி-சட்டை. அதில் கண்களுக்குப் பதில் 'எக்ஸ்' குறிகள், நாக்கை நீட்டும் ஒரு மஞ்சள் முகம். கடைத்தொகுதியில் எங்கேயாவது பார்த்திருப்பீர்கள். உங்கள் அலமாரியிலேயே ஒன்று இருக்கலாம்!

அது நிர்வாணா ராக் இசைக்குழுவின் சின்னம். அந்தக் குழுவை உலகமே திரும்பிப் பார்க்க வைத்தது, 1991 செப்டம்பரில் வெளிவந்த 'ஸ்மெல்ஸ் லைக் டீன் ஸ்பிரிட்' பாடல்.

பாட்டு தெரியும். ஆனால் அது என்ன சொல்கிறது? "ஒண்ணும் புரியலையே" என்கிறீர்களா? கவலை வேண்டாம், அப்போதும் பலருக்குப் புரியவில்லை. எம்டிவி ஒளிவழி, பாடல் வரிகளைத் திரையின் கீழே ஓடவிட வேண்டியிருந்தது!

கிரஞ்ச் என்றால் என்ன?

1980களின் பிற்பாதியில் அமெரிக்காவின் சியாட்டல் வட்டாரத்தில் வளர்ந்த ராக் இசை. பங்க் இசையின் கோபமும் மெட்டல் இசையின் கனமும் கலந்தது. பளபளப்பான மேடை உடைகள் கிடையாது. பழைய கட்டம்போட்ட சட்டை, கிழிந்த ஜீன்ஸ். அவ்வளவுதான்.

பெயர் எங்கிருந்து வந்தது?

நிர்வாணாவின் பாடகர் கர்ட் கோபேன் அப்போது ஒலிம்பியா நகரில் வசித்தார். ஓர் இரவு, 'பிகினி கில்' இசைக்குழுவின் பாடகி கேத்லீன் ஹானா அவரது அறைச் சுவரில் கிறுக்கினார். கர்ட் மீது 'டீன் ஸ்பிரிட்' வாசம் வீசுகிறதாம்!

தம்மிடம் பதின்ம வயதுக்கே உரிய புரட்சித் துடிப்பு இருப்பதாக ஹானா பாராட்டுகிறார் என்று கோபேன் நினைத்தார். உண்மை வேறு. 'டீன் ஸ்பிரிட்' என்பது இளம்பெண்களுக்காக விற்கப்பட்ட டியோடரண்ட். கோபேனின் அப்போதைய காதலி அதைத்தான் பூசுவார். ஹானா செய்தது வெறும் கிண்டல்.

பாட்டு வெளியாகிச் சில மாதங்கள் கழித்துத்தான் கோபேனுக்கு விஷயமே தெரிந்தது.

சரி, அர்த்தம் என்ன?

ஒரே பதில் இல்லை. பாடுவதற்குச் சற்று முன்புகூட கோபேன் வரிகளை எழுதிக்கொண்டிருந்ததாக டிரம்ஸ் கலைஞர் டேவ் குரோல் கூறியிருக்கிறார்.

ஆனால் உணர்வு தெளிவு. தம் தலைமுறை எதிலும் அக்கறையில்லாமல் சும்மா உட்கார்ந்திருக்கிறது என்ற எரிச்சல் கோபேனுக்கு இருந்தது. புரட்சி செய்யும் ஆசையும் உண்டு, அந்த ஆசையைப் பார்த்தே சிரிப்பும் உண்டு. இரண்டும் பாட்டில் இருக்கின்றன.

இசையிலும் அதே இழுபறிதான். மெதுவாக முணுமுணுத்துவிட்டு, திடீரென வெடிக்கும். 'பிக்சிஸ்' குழுவின் பாணியைப் பின்பற்ற முயன்றதாகக் கோபேனே ஒப்புக்கொண்டார். கிட்டாரில் திரும்பத் திரும்ப வருவது நான்கே கார்ட்ஸ்!

காணொளியில் நடந்தது நடிப்பா?

பள்ளி விளையாட்டுக் கூடம். இருக்கைகளில் சலிப்போடு மாணவர்கள். கடைசியில் எல்லாரும் எழுந்து ரகளை செய்வார்கள். அதில் பாதி நிஜம்! பல மணி நேரம் உட்காரவைக்கப்பட்டதில் அவர்கள் உண்மையிலேயே பொறுமையிழந்திருந்தனர்.

வெற்றி என்ன செய்தது?

பாடல் இடம்பெற்ற 'நெவர்மைண்ட்' இசைத்தொகுப்பு, 1992 ஜனவரியில் மைக்கல் ஜாக்சனின் 'டேஞ்சரஸ்' தொகுப்பைப் பின்னுக்குத் தள்ளி பில்போர்ட் பட்டியலில் முதலிடம் பிடித்தது.

அதன் பிறகு எங்கே போனாலும் ரசிகர்கள் கேட்டது அதே பாட்டைத்தான். கோபேனுக்கு அலுத்துவிட்டது. 1992 அக்டோபரில் அர்ஜென்டினாவின் போனஸ் ஏரஸ் நகரில், தங்களுக்கு முன் மேடையேறிய பெண்கள் குழுவைக் கூட்டம் அவமதித்தது. கோபமடைந்த நிர்வாணா, அந்தப் பாட்டின் தொடக்கத்தை மட்டும் வாசித்து வாசித்து ஆசை காட்டியது. பாட்டை வாசிக்கவே இல்லை!

1994 ஏப்ரலில் கோபேன் மறைந்தார். அவருக்கு வயது 27.

இளமைத் துடிப்பை டப்பாவில் அடைத்து விற்ற ஒரு பொருளின் பெயர், அது தெரியாமலேயே ஒரு புரட்சிப் பாட்டுக்குத் தலைப்பானது. இன்று அந்தக் குழுவின் சின்னமே டி-சட்டையில் விற்பனையாகிறது.

சட்டையைப் போடுவதில் தப்பில்லை. ஒரு தடவை பாட்டையும் முழுசாகக் கேட்டுவிட்டுப் போடுங்களேன்!