காவல் நாயும் சட்டமும்

பழனி மலைத் தொடரில், பெருமாள்மலையிலிருந்து கும்பக்கரை நோக்கி இறங்கும் பாதையில் அமைந்தது அடுக்கம். காப்பியும் மலைவாழையும் மிளகும் பயிராகும் இத்தகைய ஊர்களில் நாய் வளர்ப்பது ஆடம்பரமன்று. காட்டுப்பன்றி இறங்கும் இரவில் முதற்குரல் கொடுப்பது அதுவே. ஆயினும், அதே தோட்டத்து ஒற்றையடிப் பாதையில்தான் பழம் பறிப்போரும் சுமை தூக்குவோரும் பள்ளிச் சிறுவரும் நடக்கின்றனர். பாவு விரிக்கும் நெசவாளர் தெருக்களிலும் நிலைமை இதுவே. ஆகவே நாய் வளர்ப்போருக்குச் சட்டம் விதிக்கும் பொறுப்பை அங்கத்தினர் யாவரும் அறிந்திருத்தல் நலம்.

"சில ஜாதி நாய்களைச் சர்க்கார் தடை செய்துவிட்டதாமே?" என்று பலரும் கேட்கின்றனர். அதன் விவரம் வருமாறு: 2024 மார்ச் 12-ஆம் தேதி மத்திய கால்நடை பராமரிப்புத் துறை மாநிலங்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. பிட்புல், ராட்வைலர், மாஸ்டிஃப், டோசா முதலிய 23 இனங்களை விற்கவோ இனவிருத்தி செய்யவோ அநுமதி தரலாகாது. முன்பே வளர்க்கப்படுபவற்றிற்குக் கருத்தடை செய்யவேண்டும் என்பது அதன் சாரம். சம்பந்தப்பட்டோரைக் கலந்துகொள்ளாமல் பிறப்பிக்கப்பட்டதென்று கூறி, அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் அதனை ரத்து செய்தது.

2024 மே 5-ஆம் தேதி சென்னைப் பூங்கா ஒன்றில் இரு ராட்வைலர் நாய்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறின. அதன்பின் தமிழ்நாட்டுக் கால்நடைத் துறை 23 இனங்களுக்கும் தடை அறிவித்து, உடனே அதைத் திரும்பப் பெற்றது. 2025 டிசம்பரில் சென்னை மாநகராட்சி மன்றம் பிட்புல், ராட்வைலர் இரண்டுக்கும் தடை விதித்துத் தீர்மானித்தது. அது மாநகர எல்லைக்கு மட்டுமே உரியது.

இங்கிலாந்தில் 1991-இலேயே நான்கு இனங்களைத் தடுக்கும் சட்டம் வந்தது. அது போதாமற்போகவே, 2023 டிசம்பர் இறுதியில் எக்ஸ்.எல். புல்லி என்னும் ஐந்தாவது வகையும் சேர்க்கப்பட்டது. பட்டியல் போட்டால், அதற்கு வெளியே இன்னொன்று முளைக்கிறது.

பட்டியல் எவ்வாறு மாறினும், நம் நாட்டில் மாறாத கடமை ஒன்று உண்டு. தம் வசமுள்ள பிராணியால் மனித உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ நேரக்கூடுமாயின், அதைத் தடுக்கப் போதிய ஏற்பாடு செய்யாதவருக்குப் பாரதீய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவுப்படி ஆறு மாதம் வரை சிறைவாசமோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். 2024 ஜூலை 1-க்கு முன் பழைய தண்டனைச் சட்டத்தின் 289-ஆம் பிரிவில் இவ்வபராதம் 1,000 ரூபாயாக இருந்தது.

இப்பிரிவில் எந்த இனத்தின் பெயரும் இல்லை என்பதைக் கவனிக்கவேண்டும். நம் கோம்பை, இராஜபாளையம், சிப்பிப்பாறை நாய்கள் அந்த 23-இல் சேரா. ஆனால் அவற்றை வளர்ப்போரும் இப்பிரிவுக்கு உட்பட்டவரே. நாய் கடித்த பின்னரே குற்றம் பிறக்கிறது என்று எண்ணுதலும் தவறு. எச்சரிக்கையின்றி இருத்தலே குற்றம். கடிபட்டவர் சிவில் நீதிமன்றத்தில் நஷ்டஈடும் கோரலாம்.

அதற்காக நாயை எந்நேரமும் குறுஞ்சங்கிலியில் பிணித்து வைத்தலும் கூடாது. அளவுக்கு மிஞ்சிய நேரம் அவ்வாறு கட்டி வைப்பதும், கட்டிய நாயை நடக்க விடாதிருப்பதும் 1960-ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடைச் சட்டப்படி குற்றம். அடைபட்டுக் கிடக்கும் நாய் சினம் மிகுந்ததாகும் என்பது அநுபவம். அயலார் நாய்க்கு விஷம் வைத்துக் கொல்பவருக்கு நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவு ஐந்தாண்டு வரை சிறை விதிக்கிறது. நாயை ஏவிக் காட்டு விலங்கைத் துரத்திப் பிடிப்பது, 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டையாகும்.

அங்கத்தினர் செய்யத் தக்கவை சில. ஆட்கள் வேலை செய்யும் பகலில் நாயை வேலிக்குள்ளோ நீண்ட கயிற்றிலோ வைத்து, இரவில் அவிழ்த்து விடலாம். அப்போதும் வேலியும் படலும் பொதுவழிக்குப் போகாதவாறு அடைபட்டிருத்தல் வேண்டும். புதிதாக வேலைக்கு வருவோருக்கு நாய் உண்டென்று முன்னரே சொல்லிவிட வேண்டும். ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசி போடவேண்டும். அயல்நாட்டுக் குட்டி வாங்குமுன் கால்நடை மருத்துவரையும் ஊராட்சி அலுவலகத்தையும் விசாரித்தறிதல் நன்று.

எவரையேனும் நாய் கடித்துவிட்டால், புண்ணைச் சோப்பிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிஷம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று ஊசி போடவேண்டும். வெறிநோய் கண்டபின் பிழைத்தல் மிக அரிது. கடிபட்ட கூலியாள் இழப்பது அன்றைய கூலி மட்டுமன்று. திருடனுக்காக வளர்க்கும் நாய் உழைப்பாளியைக் கடியாமல் காப்பது உடையவர் கடமை.