பிஸ்கட் போடாத கை

மேற்கு மாம்பலத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். தெருமுனையில் படுத்துக்கிடக்கும் செவலை நாய் ஒன்று தினமும் காலையில் பஸ் ஸ்டாப்வரை அவர் பின்னாலேயே வருகிறதாம். "ஒரு பிஸ்கட்கூடப் போட்டதில்லை சார். போகிற போக்கில் 'என்னடா' என்று தலையைத் தடவிவிட்டுப் போவேன், அவ்வளவுதான். எதிர்வீட்டு மாமி தினம் தயிர்சாதம் வைக்கிறார். தின்றுவிட்டுத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. என் பின்னால் ஏன் வருகிறது?"

மாமி படித்தால் வருத்தப்படுவார். இருந்தாலும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

நாயின் மோப்பம், நன்றி, ஓநாய்க் குடும்பத்திலிருந்து வந்த கதை எல்லாம் பள்ளிக்கூடத்திலேயே படித்தாயிற்று. எனக்குப் பிடித்த சங்கதி வேறு. கொல்கத்தா பக்கம் மோகன்பூரில் ஐசர் என்கிற அறிவியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அங்கே அனிந்திதா பத்ராவின் குழு பல வருஷங்களாகத் தெரு நாய்களின் பின்னால் அலைந்துகொண்டிருக்கிறது. வெளிநாடுகளில் நாய் ஆராய்ச்சி என்றால் பெரும்பாலும் குளிப்பாட்டிச் சீவிவிட்ட வீட்டு நாய்தான். இவர்களுடைய ஆய்வுக்கூடம் தெருவும் டீக்கடை வாசலும்.

2017இல் இந்தக் குழு வெளியிட்ட ஆய்வு ஒன்று. முன்பின் தெரியாத ஒருவர் உணவுத் துண்டு ஒன்றைக் கையில் நீட்டுகிறார், இன்னொன்றைத் தரையில் வைக்கிறார். நாய்கள் பெரும்பாலும் தரையில் இருந்ததையே எடுத்தன. தெருவில் வளர்ந்த ஜீவனுக்குக் கையைப் பற்றித் தெரியும். அதிலிருந்து சோறும் வரும், கல்லும் வரும். பிறகு சில நாய்களுக்குக் கூடுதலாக உணவு கொடுத்துப் பழகினார்கள். வேறு சிலவற்றைத் தலையில் வருடிக் கொடுத்துப் பழகினார்கள். நாளாக ஆக, பயம் தெளிந்து கைக்கு நெருங்கி வந்தவை வருடப்பட்ட நாய்கள்தாம். வயிறு காய்ந்த நாயிடம்கூட நம்பிக்கையைச் சம்பாதிக்கச் சோற்றைவிட வருடல் அதிகம் உதவியது.

இதைப் படித்தபோது எனக்குத் திருச்சியில் படித்த காலம் ஞாபகம் வந்தது. மூன்று வருஷம் ஒரு மெஸ்ஸில் டோக்கன் கொடுத்துச் சாப்பிட்டேன். என் உடம்பில் ஓடிய ரத்தமெல்லாம் அந்த மெஸ்காரர் போட்ட சாம்பார்தான். அவர் முகம் இன்று நினைவில்லை. எதிரே டீ ஆற்றியவர் தினமும், "என்ன தம்பி, முகம் வாடிக்கெடக்கு?" என்று கேட்பார். அந்த ஊருக்குப் போனால் இன்றும் கால் தன்னால் அந்தப் பக்கம் திரும்புகிறது.

அதே குழு 2020இல் இன்னொன்றும் செய்து பார்த்தது. மூடிய கிண்ணங்களில் ஒன்றை மனிதர் ஒருவர் சுட்டிக்காட்டுவார். நாய் அங்கே போகிறதா? யாரும் பழக்காத தெரு நாய்கள். கிட்டே வந்தவற்றில் ஏறக்குறைய 80 சதவீதம் விரல் காட்டிய கிண்ணத்துக்கே போயின. ஆனால் சோதனைக்கு எடுத்தவற்றில் பாதி நாய்கள் கிட்டேயே வரவில்லை. எனக்கு உறுத்துவது அந்தப் பாதிதான். அவற்றுக்கு என்ன நேர்ந்திருக்கும் என்று ஊகிக்க ஆராய்ச்சி தேவையில்லை. இவர்கள் 364 குட்டிகளைப் பின்தொடர்ந்து எடுத்த கணக்கில், வளர்ந்து ஆளானவை 19 சதவீதம். இறந்தவற்றில் 63 சதவீதச் சாவுக்கு ஏதோ ஒரு வகையில் மனிதர்கள் காரணம்.

கிட்டே வராத நாயால் நமக்கும் சிக்கல் உண்டு. சென்னை மாநகராட்சி எடுத்த கணக்கில் 2018இல் 57,000 சொச்சம் தெரு நாய்கள். 2024இல் சுமார் 1.8 லட்சம். வெறிநோய் பரவாமல் நிற்க வேண்டுமானால் நாய்களில் குறைந்தது 70 சதவீதத்துக்குத் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. அதற்கு நாய் முதலில் பிடிபட வேண்டுமே!

எங்கள் தெருவுக்குத் தடுப்பூசி வண்டி வந்த அன்று நடந்ததைச் சொல்கிறேன். வலையைப் பார்த்ததும் அத்தனை நாய்களும் கார்களுக்கு அடியில். தினம் பிஸ்கட் வீசும் பால்கனிக்காரர்கள் பால்கனியிலேயே நின்று வேடிக்கை பார்த்தார்கள். (நானும் பால்கனிக்காரன்தான்.) அயர்ன் வண்டிக்காரர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்து, நடுரோட்டில் குந்தி உட்கார்ந்து, "ராஜா, வாடா" என்றார். நாங்கள் பிஸ்கட் என்று கூப்பிடும் நாய்க்கு அவர் வைத்த பெயர் ராஜா. வயிற்றைத் தரையில் தேய்த்துக்கொண்டு வந்தது. தலையை மடியில் இடுக்கிக் காதுக்குப் பின்னால் சொறிந்துகொண்டே இருந்தார். ஊசி உள்ளே போய் வெளியே வந்தது. ஊசி போட்ட அடையாளத்துக்கு முதுகில் ஒரு கோடு சாயம். முடிந்தது.

மொட்டைமாடியிலிருந்து சோற்றைக் கொட்டிப் புண்ணியக் கணக்கு எழுதுவதற்கும் நாயைத் தெரிந்துவைத்திருப்பதற்கும் சம்பந்தமில்லை என்பது என் கட்சி. அதற்காகக் கண்ட நாயின் தலையில் எல்லாம் கை வைக்கக் கிளம்பிவிடாதீர்கள். தின்னும் நாய், தூங்கும் நாய், குட்டி போட்ட நாய் பக்கம் போகவே கூடாது. கடித்தாலோ பிராண்டினாலோ ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். மஞ்சள் வைப்பது, மந்திரிப்பது எல்லாம் உயிரோடு விளையாட்டு.

மாம்பலத்து அம்மா, உங்கள் தெருவுக்கும் அந்த வண்டி வரும். மாமி கூப்பிட்டால் செவலை வராது. உங்கள் பின்னால் வரும். அன்றைக்கு மட்டும் ஒரு பஸ்ஸை விட்டுவிட்டு, அதை வண்டிவரை நடத்திக் கூட்டிப் போங்கள்.