அரிட்டாபட்டி மலைநடை

அரிட்டாபட்டி, மதுரைக்கு வடகிழக்கே சுமார் 25 கிலோமீட்டர் தொலைவில் மேலூர் வட்டத்தில் உள்ள ஊர். இங்குள்ள ஏழு குன்றுகளும் பெரும்பாலும் வெறும் பாறை. வெயில் ஏறினால் சுடும் என்பதால் விடியற்காலையே நடக்க ஏற்ற நேரம். கழிஞ்சமலைக் குகைத்தளத்தில் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளும் சமணர் கற்படுக்கைகளும் உள்ளன. பாண்டியர் காலக் குடைவரைச் சிவன் கோயிலில் தமிழகத்தில் அரிதான இலகுலீசர் சிற்பத்தைக் காணலாம். பாறையில் விழும் மழைநீர் சுனைகளில் தேங்கி, மிச்சம் கண்மாய்களுக்கு இறங்குகிறது. கீழே உள்ள வயல்கள் நம்பியிருப்பது இந்நீரைத்தான்.

2022 நவம்பரில் இப்பகுதியின் 193 எக்டேர் தமிழகத்தின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. இரண்டே ஆண்டுகளில், இத்தலத்தையும் உள்ளடக்கிய 2,015 எக்டேர் நிலம் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் போனது. ஊர்மக்களின் தொடர் போராட்டத்துக்குப் பின் 2025 சனவரியில் ஒன்றிய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது.