வேர் இறுக்கிய குழாய்

பெங்களூரின் காக்ஸ் டவுன் போன்ற பழைய மரங்கள் நிற்கும் தெருக்களில் தண்ணீர்க் குழாய்க்குப் பள்ளம் தோண்டும்போது சில இடங்களில் பார்க்கலாம்: குழாய்க்குள் அடைப்பே இருக்காது. வெளியே வேர் சுற்றி நெரித்திருக்கும்.

நெஞ்சுக்குள்ளும், அரிதாக, இது நடக்கிறது. இரண்டு நுரையீரல்களுக்கும் நடுவே இதயமும் மூச்சுக்குழாயும் பெரிய ரத்தக் குழாய்களும் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. அங்குள்ள நிணநீர் முடிச்சுகளில் காசநோய் வந்து ஆறினால் தழும்பு விழும். பெரும்பாலோருக்கு அத்தோடு சரி. மிகச் சிலருக்கு அந்தத் தழும்பு படர்ந்து, இறுகி, பக்கத்துக் குழாய்களைப் பிடித்துக்கொள்கிறது. அமெரிக்காவின் ஒஹையோ, மிசிசிப்பி ஆற்றுப் படுகைகளில் இதற்கு முக்கியக் காரணம் ஹிஸ்டோபிளாஸ்மா என்ற பூஞ்சை. நம் நாட்டில் முதலில் நினைக்க வேண்டியது டி.பி.யைத்தான். டி.பி.யைக் கட்டுப்படுத்த வழிவகுக்க 1959இல் தேசியக் காசநோய் நிறுவனம் தொடங்கப்பட்டது இதே பெங்களூரில்.

கையில் ரத்த அழுத்தம் 120 காட்டுகிறவருக்கு நுரையீரல் தமனியில் அது சுமார் 25தான். அதன் சுவரும் மெல்லியது. வெளியிலிருந்து அழுத்தினால் எளிதில் மடங்கிவிடும். தமனி நெரிந்தால் ரத்தம் நுரையீரலுக்குள் போகத் திணறும், வலப்பக்க இதயம் வீங்கும், மாடி ஏறினாலே மூச்சு வாங்கும். நுரையீரல் சிரை நெரிந்தால் உள்ளே போன ரத்தம் திரும்ப வழியின்றித் தேங்கி, இருமலில் வெளிவரும். உடனே "மறுபடியும் டி.பி.யா?" என்ற பயம். சளியில் கிருமி இல்லையென்றால், அங்கேயே நின்றுவிடாமல் ரத்தக் குழாய்களைக் காட்டும் சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

கத்தி வைத்துத் தழும்பை உரிப்பது ஆபத்து. எது தழும்பு, எது குழாய்ச் சுவர் என்றே பிரித்தறிய முடியாதபடி ஒட்டியிருக்கும். அதனால்தான் ஸ்டென்ட் என்ற உலோக வலை. தொடைச் சிரை வழியே மெல்லிய கம்பி வலப்பக்க இதயத்துக்குள் ஏறி, நுரையீரல் தமனிக்குப் போகிறது. நுரையீரல் சிரைக்குப் போவதென்றால் இதயத்தின் இரு மேலறைகளுக்கு நடுவிலுள்ள சுவரில் சிறு துளையிட்டு அந்தப் பக்கம் கடக்க வேண்டும். பலூனை மட்டும் ஊதி எடுத்தால் தழும்பு மறுபடி நெரித்துவிடும்; பலூனோடு விரிந்த உலோக வலை அங்கேயே தங்கி முட்டுக் கொடுக்கிறது.

தழும்பு கரைவதில்லை. நுரையீரல் சிரையில் வைத்த ஸ்டென்ட் மறுபடி சுருங்க வாய்ப்பு அதிகம். அதனால் சில மாதங்களில் மறுபடி ஸ்கேன். சுருங்கியிருந்தால் அதே தொடை வழியே இன்னொரு பலூன்.